மஞ்சள் தண்ணீருக்கு அட்டை இல்லை

கழுவிய தரையில் எச்சரிக்கை அட்டை ஒன்றைக் கண்டால் போதும், கவனம் அண்ணை நினைவுக்கு வந்துவிடுவார். லண்டன் மாநகரில் சட்டத்துக்கு அவரளவு பயந்த கடைக்காரர் வேறெவரும் இல்லை.

எண்பதுகளின் இறுதியில், கோலியர்ஸ் வுட்டில் அவருடைய மளிகைக் கடையின் மேலறையில் நான் வாடகைக்கு இருந்தேன். எங்கோ ஒரு கடைக்காரர்மேல் வாடிக்கையாளர் வழக்குப் போட்ட கதையைக் கேட்ட நாளிலிருந்து அவர் அட்டை எழுதத் தொடங்கினார். செத்தல் மிளகாய்க்கு மேலே ‘உறைக்கும்’. பிரீசரில் ‘குளிரும்’. தேங்காய்க் குவியலில் ‘காலில் போட்டால் கடை பொறுப்பல்ல’. எல்லாம் இரண்டு மொழியில். போதாததற்கு வருவோர் போவோர்க்கெல்லாம் வாயாலும் ஒரு “கவனம்”. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஓரிடத்தில் மட்டும் அட்டை கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். தெளிப்பார் என்பது மரியாதைக்கு, ஊற்றுவார்.

“அண்ணை, இதிலதான் முதல்ல வழுக்கும்.”

“தம்பி, லட்சுமி வாற வாசல்ல ‘ஆபத்து’ எண்டு எழுதி வைக்கிறதே? அவ பக்கத்துக் கடைக்கெல்லோ போயிடுவா.”

ஒரு வெள்ளி, லட்சுமிக்கு முன்னால் எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வெங்காயம் வாங்க வந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. வக்கீல் கடிதம் வந்தது. பின்னாலேயே இன்சூரன்ஸ் கடிதம். நான்தான் வாசித்துச் சொன்னேன்: கிழவியைப் பார்க்கக் கூடாது, பிழையை ஒப்புக்கொள்ளவே கூடாது, மீறினால் இன்சூரன்ஸ் இல்லை, கடை போய்விடும்.

“விளங்குது,” என்றார்.

மறுநாள் தோடம்பழமும் ஹார்லிக்ஸுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். கூடவே ஓர் அட்டை: ‘பிழை என்னுடையது. எச்சரிக்கை வைக்கவில்லை.’ கீழே கையொப்பம்.

“என்னண்ணை செய்தனீங்கள்?”

“விழுந்த மனிசியைப் போய்ப் பாக்காமல் இருக்கேலுமே?”

“சரி, அட்டை ஏன்?”

“என்ர இங்கிலீசு அவவுக்கு விளங்காது. அதான் எழுதினனான்.”

அட்டை வக்கீலின் கோப்புக்குப் போனது. இன்சூரன்ஸ் கைகழுவியது. கடை கைமாறியது.

கடைசி நாள் காலையில் அட்டைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் அட்டை இருந்த இடங்கள் வெளிறிய சதுரங்களாய்த் தெரிந்தன. நான் வேலைக்குப் புறப்பட்டேன். வாசல் காய்ந்து கிடந்தது. அண்ணை எழுந்து வந்து, என் முழங்கையைப் பிடித்துப் படி தாண்டிவிட்டார்.

“பாத்துப் போம் தம்பி. இனி இஞ்ச ஒரு அட்டையும் இல்லை.”