கருகல் வாடை குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது.

இங்கே நான் நலம். உங்கள் மாமியாரும் உங்கள் மனைவியும் நலமா என்று அவர்களிடமே கேட்டேன், பதில் வரவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதும் பழக்கம் எனக்கு இல்லாததால் அதை அப்படியே விட்டுவிடுகிறேன். உங்கள் ஜலதோஷம் குறைந்ததா?

சனிக்கிழமை காலை என் மகள் பெட்டியோடு வந்து இறங்கினாள். உங்கள் வீட்டு வாஷிங் மிஷினில் கருகல் வாடை வருவதாக அவள் சொன்னாளாம். நீங்கள் போய் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலையே, ஆதாரம் இல்லாம எதையும் நம்பக் கூடாது" என்று, ஆபீசில் நடந்த கிரிட்டிக்கல் திங்கிங் வகுப்பில் கற்றதை எடுத்துவிட்டீர்களாம். இதைக் கேட்டதும் உங்கள் மாமியார், "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். எப்போது, எது தெரியும் என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை, நான் லிஃப்ட் பரிசோதகனாகவே தலை நரைத்தவன். லிஃப்ட் ஆடுகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே பூட்டிவிடவும் மாட்டேன், அவருக்குத் தலைசுற்றல் என்று சிரித்துவிட்டு வரவும் மாட்டேன். எந்த மாடியில், ஏறும்போதா இறங்கும்போதா, ஆள் நிறைந்திருந்ததா என்றெல்லாம் கேட்டு, நானே ஏறிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். லிஃப்டுக்குக் கொடுக்கும் நியாயத்தை மாப்பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுவேனா? என் மகளின் வாழ்க்கை விஷயம், அவசரப்படக் கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஆரம்பித்தேன். ரப்பர் வாடையா, துணி வாடையா? "ரப்பர்" என்றாள். தண்ணீர் நிரம்பும்போதா, துணி பிழியும்போதா? "பிழியும்போது" என்றாள். மூன்றாவது கேள்வியில் அழுதுவிட்டாள். "பொண்ணு அழறா, நீங்க என்னடான்னா ரப்பரா துணியான்னு குடையறீங்க. நீங்கல்லாம் ஒரு அப்பாவா?" என்று உங்கள் மாமியார் பாய்ந்தாள். அழுகை அவள் வருத்தப்படுகிறாள் என்பதைக் காட்டுகிறதே தவிர, மிஷின் கருகுகிறது என்பதைக் காட்டவில்லை என்று பொறுமையாக விளக்கினேன். இதில் என்ன தப்பு? ஆனாலும் அன்று முதல் எனக்குச் சாப்பாடு மேஜையில் மூடி வைக்கப்படுகிறது, யாரும் பரிமாறுவதில்லை.

நான் விடுவேனா. "மாப்பிள்ளைக்கு அவமேல அக்கறையே இல்ல" என்பது உங்கள் மாமியாரின் முடிவு. முடிவுகட்டுமுன் வேறு காரணம் இருக்குமா என்று பார்க்க வேண்டாமா? மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதால் வெளியில் நின்றபடியே விசாரித்தேன். இரண்டு விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு உங்களுக்கு மூக்கடைப்பு. அதுமட்டுமல்ல, அவள் பயந்துபோய் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். ஓடாத மிஷினை அடைத்த மூக்கால் மோந்தால் என்ன தெரியும்! அவள் சொன்னதும் நிஜம், நீங்கள் சொன்னதும் நிஜம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தாயையும் மகளையும் கூடத்துக்கு வரவழைத்து, யார் மேலும் குற்றமில்லை என்று அறிவித்தேன்.

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "அப்பா, நான் மிஷினுக்காகவா இங்க வந்தேன்?" என்றாள் மகள்.

"வேற எதுக்கும்மா?"

"பயமா இருக்குன்னு சொன்னேன். அவர் ஆதாரம் கேட்டாரு. இங்க வந்தா நீங்களும் அதையே கேக்கறீங்க. நான் வேற எங்கதான் போறது?"

எனக்குச் சுருக்கென்றது. மறைப்பதற்கில்லை. ஆனால் பரிசோதனையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறவன் நானில்லை. ஆகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இங்கே ஓடி வராதீர்கள். மூக்கு திறந்ததும் மிஷினில் துணி போட்டு ஓடவிட்டு, பிழிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்று, கண்டதை எழுதி அனுப்புங்கள். அதுவரை மகளை அனுப்புவதாக இல்லை. இதில் என்னிடம் இரண்டாம் பேச்சு கிடையாது.

உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, சண்டை போட்டாலும் ஒரே வீட்டில் இருந்து போடும்படி வாழ வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: உறை தேடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். நான் சொல்லாமலே மிஷினை ஓடவிட்டுப் பார்த்தீர்களாம், உள்ளே பெல்ட் கருகியிருந்ததாம். அதைச் சொல்வதற்கு முன்னால் அவளிடம், "ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்தக் கேள்வி என் விசாரணையில் எங்கேயுமே வரவில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். உங்கள் மாமியாரும், "நானும் கொஞ்ச நாள் பொண்ணோட இருந்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் மாமியாரைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆதாரம் கேட்காதீர்கள்.