தராசு சாரும் ஆறு கோழிக்குஞ்சுகளும்

எடை போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். எழுபதுகளில் அவர் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். ஃபேக்டரி ஸ்டோரில் வேலை. எல்லோருக்கும் அவர் தராசு சார். கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையை மண்டப வாசலிலேயே நிறுத்துப் பார்த்தவர் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அவர் மகள் மீனாவுக்கு ஆறு வயது, பார்த்தால் நான்கு. பால் ஒத்துக்கொள்ளாது. டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "கடலை, பருப்பு எல்லாம் நல்லதுதான். ஆனா வளர்ற உடம்புக்கு வேண்டியது முழுசா கிடைக்கணும். தினம் ஒரு முட்டை கொடுங்க."

சார் பரம்பரை சைவம். கொதித்துப்போனார். "வேர்க்கடலையில இல்லாத சத்தா? நிரூபிச்சுக் காட்டறேன்!"

முட்டையைத் தொடாதவர் மறுநாளே ஆறு கோழிக்குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொல்லையில் இரண்டு கூண்டு. மூன்றுக்குக் கம்போடு கடலைப் புண்ணாக்கு. மூன்றுக்குக் கம்போடு கருவாட்டுத் தூள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே தூவினார். ஞாயிறுதோறும் எடை. குஞ்சு தட்டிலிருந்து குதிக்கும், சார் பின்னால் ஓடுவார், எங்களுக்குச் சினிமாச் செலவு மிச்சம்.

இரண்டே வாரத்தில் கருவாட்டுக் கட்சி கொழுத்தது. புண்ணாக்குக் கட்சி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. சாருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் அதிசயம் நடந்தது. புண்ணாக்குக் குஞ்சுகள் கிடுகிடுவென்று ஏறின. அடுத்த மாதம் இரண்டு கூண்டும் சமம். சார் தெருவுக்கே கடலைமிட்டாய் கொடுத்தார். "மீனாவுக்கு இனிமே கடலைதான். முட்டைப் பேச்சே கூடாது!"

அன்று என் மனைவி ராணி சாப்பிடவில்லை. கொரட்டூர்க்காரி, எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

"இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"அந்த மூணும் பாவமா பாத்துகினு கீதேன்னு, நான்தான்யா தெனம் நெத்திலித் தலைய போட்டுகினு இருந்தேன். இப்ப அந்தப் பொண்ணு வாயில மண்ணு உழுந்துடுச்சே!"

உடனே கூட்டிப்போனேன். அவளே சொல்லி அழுதாள். சார் கத்தப்போகிறார் என்று நான் இரண்டடி பின்னால் நின்றேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "ஒரு நாளைக்கு எவ்வளவும்மா போட்டே?"

"நிறுக்கலியே சார். ஒரு கை."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மீனா வந்து பக்கத்தில் நின்றாள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் விடவில்லை.

"உங்க வீட்ல முட்டை இருக்காம்மா?"

ராணி அவித்துக்கொண்டு வந்தாள். சாரின் வீட்டம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கொல்லைப் படியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி சார் ஓட்டை உரித்தார். பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போயிற்று.

"இதுக்கு உப்பு போடணுமா?" என்று என்னைக் கேட்டார்.

ஆறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும், அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் பிடிக்கும்.