தங்கை வந்தால் ஏறும் பிரீமியம்

ஹல்,
மார்ச் 9

அன்புள்ள தங்கை மியூரியலுக்கு,

அண்ணன் டெஸ்மண்ட் எழுதுவது. மழையையும் முழங்காலையும் தவிர இங்கே குறை ஒன்றுமில்லை. உன் நலமும் கிளியின் நலமும் அறிய ஆவல்.

உன் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். எனக்கென்ன மறுப்பு? எதற்கும் காப்பீட்டுக் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று போன் செய்தேன், அங்கேதான் வந்தது வினை. ஓய்வு பெற்றபின் நான் பகலெல்லாம் வீட்டிலேயே கிடக்கிறேன், திருடன் வரமாட்டான் என்று வீட்டுச் சாமான்களுக்கான பிரீமியத்தைக் குறைத்திருந்தார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிக் கிடைக்காத மரியாதை சும்மா உட்கார்ந்ததற்குக் கிடைத்தது. போனை எடுத்த ஜெம்மா என்ற பெண்ணிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று, நீ சிகரெட் பிடிப்பாய் என்றேன். ஏறியது. உன் வெள்ளிச் சாமான்களைச் சொன்னேன். மறுபடி ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் பிளெங்கின் உள்ளே வந்து பால் எடுத்துக்கொள்ள வசதியாகப் பின்கதவைப் பூட்டுவதில்லை என்றேன். அதற்கும் ஏறியது. உன் கிளி திரைச்சீலையைக் கிழித்தால் காலணா தரமாட்டார்களாம். தொந்தரவு கொடுத்ததற்கு நாலு தடவை மன்னிப்பு வேறு கேட்டேன்.

"சார், நீங்க வாயத் தொறந்தாலே பிரீமியம் ஏறுது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்களேன்" என்றாள் பாவம்.

மொத்தம் நாற்பது பவுண்டு கூடுதல், மியூரியல். அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன்: வராதே. ஜூனில் ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. விருந்தாளிக்கு ஒன்றும் ஏறாதாம். கோபித்துக்கொள்ளாதே.

கர்த்தர் உன்னையும் உன் இடுப்பையும் காக்கட்டும்.

உன் அண்ணன்,
டெஸ்மண்ட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜெம்மா கூப்பிட்டாள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கியாம். "வீட்ல மொத்தம் எத்தனை பேர் சார்?" ஒருத்தன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் அண்ணி ஹேசல் செத்து இரண்டு வருஷமாகிறது. ஒருத்தன் என்ற அந்தச் சொல்லை நான் இன்னும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ரெண்டு பேரும்மா" என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒருத்தன் மட்டும் இருந்தால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடும், பாலிசியே செல்லாது. சனிக்கிழமைக்குள் வந்து சேர்.