எட்டப்போ எடுத்த திருட்டுப் படம்

ஒருத்தர் முகமும் தெரியாமல் படம் எடுத்தே இருபது வருஷம் ஸ்டூடியோ நடத்திய மனிதர் உலகத்திலேயே எங்கள் குன்னூர் ‘எட்டப்போ’ ஒருவர்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கல்யாணமோ காதுகுத்தோ, "இன்னுங் கொஞ்சம் எட்டப் போங்க" என்பார். அப்படிப் போய்ப் போய் ஒரு மாப்பிள்ளை வாய்க்காலுக்குள் விழுந்தார். படத்தில் மலை மட்டும் அற்புதமாக வந்திருந்தது.

நான் அப்போது எஸ்டேட் ஆபீசில் கிளார்க். ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் கூட்ட அடிக்கும் வெண்கல மணியைக் காணோம். மேஸ்திரி யோசிக்கவே இல்லை. "நேத்துச் சாயந்தரம் கடைசியா மணியடிச்சது அந்தச் சிலோன்காரிதானுங்க" என்று முத்தம்மாவைக் கைகாட்டினார். அவள் கப்பலேறி வந்து மூன்று மாதம்தான். இரண்டு குழந்தைகள். வேலை போனால் எஸ்டேட் லயத்தில் தங்கக் கொடுத்த அறையும் போகும்.

"சாமி சத்தியமா நான் எடுக்கலீங்க ஐயா! புள்ளைகள வச்சுக்கிட்டு எங்க போவேன்?" என்று அழுதாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கேஸுக்குப் படம் வேண்டுமென்று எட்டப்போவை வரவழைத்தார். மனிதர் மணி தொங்கிய மரத்தைப் பார்த்தார், அதனடியில் நின்ற முத்தம்மாவைப் பார்த்தார், காமிராவைத் தூக்கிக்கொண்டு எதிர்மலைக்கு ஏறிவிட்டார்! பனி விலக இரண்டு மணி நேரம் காத்திருந்து எடுத்தாராம்.

மறுநாள் படத்தைப் பார்த்த சப்-இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, இது கேஸுக்கு எடுத்ததா, காலண்டருக்கு எடுத்ததுங்களா? அந்தம்மா அழுதுட்டு நிக்கறதுகூடப் பூச்செடியாட்டத் தெரியுது!"

நானும் சும்மா இருக்கவில்லை. "தேயிலைக்கு நடுவுல வெள்ளைப் புள்ளி வேற. ஃபிலிம் கழுவறப்ப அழுக்கு விழுந்திருச்சுங்களா?" என்று சீண்டினேன்.

வந்ததே கோபம் எட்டப்போவுக்கு! "என்ற படத்துல அழுக்கா? ஆருகிட்டப் பேசறீங்க? அங்க என்னமோ மின்னுதுங்க!"

போய்ப் பார்த்தால், கீழே பள்ளத்தில் தேயிலைச் செடிக்குள் கிடக்கிறது மணி. இற்றுப்போன கயிறும் கூடவே இருந்தது. காற்றில் அறுந்து உருண்டிருக்கிறது. மரத்தடியையே சுற்றிச் சுற்றித் தேடிய எங்களில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. மேஸ்திரி அசடு வழிந்தார். முத்தம்மாவுக்கு வேலையும் அறையும் தப்பின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தைகளோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். "அண்ணே, எங்க அம்மா இன்னும் சிலோன்லதான் இருக்கு. அதுக்கு அனுப்ப ஒரு படம் புடிச்சுத் தாங்க. நாங்க நல்லா இருக்கோம்னு மூஞ்சியப் பாத்தாத்தான் அது நம்பும்."

எட்டப்போ தயங்கித் தயங்கி நாலடி முன்னால் போனார். முத்தம்மா சிரித்தாள். மனிதர் காமிராவை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிட்டப் போயி மூஞ்சியப் பாத்தா எனக்கு அழுகை வந்துருதுங்க" என்றார் என் காதோரம்.

படம் கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் மூன்று பேர் சிரிப்பும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.