கற்பூரமில்லாத நிச்சயதார்த்தம்

"கற்பூரம் எங்க வெச்சிருக்கே?" என்றார் ஜெயவேலு, பூஜை அலமாரியைக் குடைந்தபடி.

"இல்ல" என்றாள் திரிபுரசுந்தரி.

"இல்லன்னா?"

"வூட்லயே இல்ல. காபித்தூளும் இல்ல. வெங்காயம், பூண்டும் இல்ல."

ஜெயவேலு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொழிச்சலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் கிளம்பியாகிவிட்டது. மகள் கோமளாவை மற்ற எல்லாருக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மா கங்கையம்மாள் மட்டும் சரியென்றால் இன்றே தட்டு மாற்றிவிடலாம். அந்த அம்மாளிடம் சம்மதம் வாங்குவது லேசில்லை என்று தரகரே எச்சரித்திருந்தார்.

ஏழெட்டு மாதமாகத் திரிபுரசுந்தரியின் உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை. மாதவிலக்கு முன்பின்னாகி மெல்ல நின்றுகொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகத்தில் ஏறும். ரவிக்கை நனையும், அடுத்த நிமிஷம் குளிரும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று யோசிப்பாள். ரேஷன் கடை க்யூவில் காரணமில்லாமல் அழுதிருக்கிறாள். பெரிய டாக்டரம்மா, "வயசு அப்படி, போகப் போகச் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டாள். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்லவில்லை.

மேற்குத் தாம்பரம் ஹோமியோபதி டாக்டர் எலியேசர்தான் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டார். கனவில் என்ன வருகிறது என்பதுவரை கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் ஜெயவேலு அதில் பாதிகூடக் கேட்டதில்லை. வெள்ளை உருண்டைகளைக் கொடுத்து நாற்பது நாள் பத்தியம் சொன்னார். காபி, வெங்காயம், பூண்டு ஆகாது. கற்பூர வாசனை மூக்கில் பட்டாலே மருந்து முறிந்துவிடும். மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்று முப்பத்தேழாவது நாள். அனல் கொஞ்சம் அடங்கியிருந்தது. மருந்தாலா, ஒரு மனுஷர் காது கொடுத்துக் கேட்டதாலா, அவளுக்குத் தெரியாது. எதுவானாலும் விடுவதாக இல்லை.

"கற்பூரம் இல்லன்னா நாம வேதத்துல சேர்ந்து கிறிஸ்தவங்களாயிட்டோம்னு நெனைப்பாங்கடி! டாக்டர் பேர் வேற எலியேசர்!"

"நெனைக்கட்டும். நெய்த்திரி ஏத்திக்கலாம்."

வேன் வந்தது. பதினோரு பேருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அப்பா லோகநாதன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "காபி இல்லீங்களா?"

ஜெயவேலு நைசாகப் பின்பக்கம் நழுவி, டீக்கடையிலிருந்து பிளாஸ்க்கில் காபியோடு திரும்பினார். திரிபுரசுந்தரி வாசலிலேயே மறித்தாள்.

"அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிளாஸ்க் முழுவதும் வாழை மரத்துக்குப் போனது.

அடுத்து நெய்த்திரி ஏற்றினார்கள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு அனல் ஏறியது. பதற்றம் வேறு. முகம் சிவந்து, வியர்வை கழுத்தில் வழிந்தது. தாங்க முடியாமல் மின்விசிறியை ஐந்தில் வைத்தாள். திரி அணைந்தது.

"ஐயோ, வெளக்கு அணைஞ்சிடுச்சே!" என்றாள் வந்தவர்களில் ஒரு கிழவி.

கோமளாவின் கண்கள் நிறைந்தன. அதைப் பார்த்ததும் திரிபுரசுந்தரி மகள் பக்கத்தில் போய் நின்றாள். தன் உடம்புக்காகப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமோ?

அதுவரை வாயே திறக்காத கங்கையம்மாள் எழுந்தாள்.

"உங்ககிட்ட தனியா பேசணும்."

சமையலறையில் அவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். "கற்பூரம் நெஜமாவே இல்லியா?"

"இல்லீங்க."

"காபித்தூள்?"

"அதுவும் இல்ல." திரிபுரசுந்தரி நிமிர்ந்து நின்றாள். பொய் சொல்லி ஒரு சம்பந்தம் வேண்டாம். "எனக்கு மாசாமாசம் வர்றது நிக்கிற வயசுங்க. சூடு ஏறுது, மறதி, ஆத்திரம், அழுகை, எல்லாம் கீது. நாப்பது நாள் பத்தியம். இன்னும் மூணு நாளைக்கு யாருக்காகவும் விடமாட்டேன். எம்பொண்ணு தங்கம். அவ மேல குத்தம் சொல்லாதீங்க. வேணாம்னா என்னால வேணாம்னு சொல்லிட்டுப் போங்க."

கங்கையம்மாள் விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள். திரிபுரசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"ஏங்க, தட்ட மாத்துங்க" என்றாள் கங்கையம்மாள் கணவரிடம். சொல்லிவிட்டு, விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஜெயவேலு தட்டை நீட்டியபடியே கேட்டார்: "சம்பந்தி, உங்க வீட்டம்மாவுக்கு மனசுல கொறை ஒண்ணும் இல்லியே?"

லோகநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"கொறையா? பொண்ணு எடுத்தா கற்பூரம் ஏத்தாத வூட்லதான்னு ஒத்தக்கால்ல நின்னுகினு இருந்தா சார். இதுக்கு முன்னால மூணு வூட்ல பொண்ணு பாக்கப் போயி, எலியேசர் டாக்டர் மருந்த மூணு தபா மொத நாள்லேர்ந்து ஆரம்பிச்சிகினு கீறா!"