ஐந்து பாட்டில் கொள்ளும் பை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், உங்கள் மகளின் கைப்பையைத் தவிர. சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் 'உம்' கொட்டிக்கொண்டிருப்பேன், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் மகளுக்குப் பதவி உயர்வு வந்ததென்று அந்த உயர்ரகத் தோல் பையைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில் அதன் சரித்திரத்தை ஆரம்பித்தீர்கள். இன்றைக்குப் பேர்போன பைக் கம்பெனிகளில் சில, அந்தக் காலத்தில் குதிரைச் சேணமும் பயணப் பெட்டியும் செய்து பிழைத்தவை என்றீர்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன். இந்தச் சுருக்குப் பை வடிவம் மட்டும் ஒரு ஒயின் வியாபாரி கேட்டுச் செய்தது, நாலு பாட்டில் நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது நடுவில் தலைகீழாக இறங்கும் என்றீர்கள். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. நான் கிடங்கில் சரக்கு அடுக்கியே தலை நரைத்தவன். ஒன்று இன்னொன்றில் அடங்கும் என்று யாராவது சொல்லிவிட்டால், அடுக்கிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் மகளோ அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் பைக்குத் தனி நாற்காலி, நான் ஸ்டூலில். அலுவலக வேலையாக வெளியூர் போனவள், மழைக்குப் பயந்து பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கென்று பார்த்து என் மனைவி சமையல் எண்ணெய் வாங்கி வரச் சொன்னாள். கை சும்மா இருக்குமா? அந்தப் பையையே எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே அடுக்கினேன். நாலும் நின்றன. ஐந்தாவது தலைகீழாக, அளவெடுத்துத் தைத்த மாதிரி இறங்கியது, சம்பந்தி! கடைக்காரரே எட்டிப் பார்த்து அசந்துபோனார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஒயின் பாட்டிலுக்கு இறுக்கமான தக்கை, எண்ணெய் பாட்டிலுக்கு லொடலொட மூடி. இந்த வித்தியாசத்தை நீங்கள் சொல்லவே இல்லை.

எண்ணெயை உறிஞ்சிவிடும் என்று என் மனைவி முகப் பவுடரைக் கொட்டினாள். இப்போது உள்ளே வாசனையான பசை. மகனைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தான். “அப்பா, நான் இதைப் பார்க்கவே இல்ல. அவ கேட்டா, நான் அன்னிக்கு வீட்டுலயே இல்ல” என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டான்.

மருமகள் என்னிடம் இதுவரை முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அவள் என்றால் உயிர். அவள் முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது. வெள்ளிக்கிழமை வருகிறாள். அதற்குள் நீங்கள் அவளிடம் பேசி, தப்பில் பாதி உங்களுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மருமகள் முகத்தில் விழிக்கப் பயந்திருக்கும் உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மருமகள் வந்து நின்றாள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். பைக்குள் பார்த்தாள். அதைத் தொப்பென்று தரையில் வைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பாடா! இத்தனை நாளா இதைக் கீழ வைக்கவே பயமா இருந்துச்சு மாமா. இனிமே நிம்மதியா டிபன் டப்பா வச்சு எடுத்துட்டுப் போவேன்” என்றாள். உங்களிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது, அப்பா மனசு கஷ்டப்படுவார் என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். நானோ உறையில் தபால்தலை ஒட்டிவிட்டேன், வீணாக்க மனம் வரவில்லை. ஆகவே தயவுசெய்து, நீங்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை.