ஆய்வாளர் பரிந்துரைத்தபடி

நெடுங்கரை நாட்டில் மழை குறைந்தாலும், மன்னருக்குச் சளி பிடித்தாலும், ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்து குடியேறிய அக்கரையார்தான் காரணம் என்று அரசவை கண்டுபிடித்தது. அவர்களைத் துரத்துவது என்று முடிவானதும், அமைச்சர் ஏனாதியார் வரலாற்று ஆய்வாளர் நப்பின்னையை வரவழைத்தார்.

“முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள் என்று ஆராய்ந்து சொல்லுங்கள், அம்மையே.”

நப்பின்னைக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. பழைய கல்வெட்டுகளையெல்லாம் படித்துவிட்டு அவைக்கு வந்தாள்.

“முன்பும் துரத்தியிருக்கிறார்கள், ஐயா. அறுவடை நேரம். கதிரறுக்க ஆளில்லாமல் பஞ்சம் வந்தது.”

“பிரமாதம்! அப்படியானால் அறுவடை முடிந்ததும் துரத்துவோம்.”

“ஐயா, நான் சொல்ல வந்தது...”

“ஆய்வாளர் பரிந்துரைத்தபடி என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் அமைச்சர்.

கடைசிக் கதிர்க்கட்டும் களத்துக்கு வந்தது. அக்கரையாரைப் படகுகளில் ஏற்றினார்கள். நப்பின்னைக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி சேந்தியும் அவற்றில் ஒன்றில் இருந்தாள்.

“அறுவடை வரைக்கும் வேலை வாங்கிக்கலாம்னு நீதான் சொன்னியாமே, தாயி?” என்று கேட்டாள். நப்பின்னையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நப்பின்னை மறுபடி அவைக்கு ஓடினாள். “ஐயா, முன்பு துரத்த ஆளில்லாமல் போனதும், காவலர்கள் சொந்த மக்கள்மேலேயே பாய்ந்தார்கள்!”

அமைச்சர் யோசித்தார். “காவலர்களைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது என்கிறீர்கள். நியாயம்தான்.”

மறுநாளே புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும், தம் பாட்டனார் இக்கரையில் பிறந்ததை நேரில் பார்த்த சாட்சியைக் கூட்டிவர வேண்டும். சாட்சிகளெல்லாம் என்றோ சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். உழவர் போனார்கள், கொல்லர் போனார்கள், கடைத்தெரு காலியானது. காவலர்கள் கடமை தவறாதவர்கள். ஒருநாள் அமைச்சர் வீட்டுக் கதவையும் தட்டினார்கள்.

“நான்தானப்பா இந்தச் சட்டத்தையே போட்டேன்!”

“தெரியும், ஐயா. சாட்சி எங்கே?”

ஏனாதியாரும் நப்பின்னையும் ஒரே படகில் அக்கரை சேர்ந்தார்கள். அங்கே பட்டுத் தலைப்பாகை கட்டிய ஓர் அதிகாரி கைகூப்பி வரவேற்றார்.

“வாருங்கள், வாருங்கள்! இங்கே வெளியாட்கள் பெருகிவிட்டார்கள். உங்கள் ஊரில் எப்படி இவ்வளவு சீக்கிரம் ஆட்களைக் காலி செய்தீர்கள்? எங்கள் மன்னர் கேட்டுவரச் சொன்னார்.”

நப்பின்னை ஏனாதியாரை விட்டு விலகி நடந்தாள்.

ஏனாதியார் நனைந்த மேலாடையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.